பிரிக்பீல்ட்ஸ் வாசகருக்கு என்ன விலை?

2018 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் ஒரு சிறு அறிவிப்பை வெளியிட்டது. இணையப் பக்கங்களில் விளம்பரம் பொருத்தித் தரும் அதன் ஆட்சென்ஸ் சேவை, இனித் தமிழில் எழுதப்பட்ட பக்கங்களையும் ஏற்றுக்கொள்ளும் என்பதே செய்தி. ஆட்சென்ஸ் தொடங்கப்பட்டது 2003 ஜூனில். இந்தி அந்தப் பட்டியலில் சேர்ந்தது 2014 டிசம்பரில். வங்காள மொழி 2017-ல். தமிழில் எழுதியவர்கள் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் வெளியே நின்றார்கள்.

தமிழ் வலைப்பூக்கள் செழித்ததும் அந்தப் பதினைந்து ஆண்டுகளுக்குள்தான். காசி ஆறுமுகம் 2004-ல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியில் கோவையில் எழுதியதும் யாழ்ப்பாணத்தில் எழுதியதும் கோலாலம்பூரில் எழுதியதும் அடுத்தடுத்த வரிகளில் தெரிந்தன. கூட்டம் இருந்தது, எழுத்து இருந்தது, விவாதம் விடிய விடிய நடந்தது. வருமானம் மட்டும் இல்லை. ஆங்கிலத்தில் கைபேசி விமர்சனம் எழுதியவருக்கு டாலரில் காசோலை வந்துகொண்டிருந்தபோது, தமிழில் அதைவிட நன்றாக எழுதியவருக்கு விளம்பரக் கட்டமே கிடைக்கவில்லை.

ஒரு விளம்பரக் கட்டத்தைப் பக்கத்தின் ஓரத்தில் வைப்பதற்கு மொழி ஏன் தடையாக வேண்டும்?

காரணம் இரண்டு. முதலாவது, பொருத்தம். ஆட்சென்ஸின் அடிப்படையே பக்கத்தைப் படித்து, அது எதைப் பற்றியது என்று கண்டுபிடித்து, அதற்கேற்ற விளம்பரத்தைத் தேடித் தருவது. அந்தத் திறனுக்காகவே 2003 ஏப்ரலில் அப்ளைடு செமாண்டிக்ஸ் என்ற நிறுவனத்தை 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்து கூகுள் வாங்கியது. ஆங்கிலச் சொற்களைப் பிரித்து எண்ணுவது கணினிக்கு எளிது. தமிழில் வேற்றுமை உருபும் எண்ணும் காலமும் இடமும் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீடுகளையும் என்று வருபவை ஒரே பொருளைச் சுட்டுகின்றன என்பது இயந்திரத்துக்குத் தானாகத் தெரியாது. வேர்ச்சொல்லைப் பிரித்தெடுக்க அதற்குக் கற்பிக்க வேண்டும். கற்பிக்கப் பெருமளவு தமிழ் உரை வேண்டும். கூகுளின் நரம்பியல்வலை மொழிபெயர்ப்பு 2017 ஏப்ரலில்தான் தமிழுக்கு வந்தது. ஆட்சென்ஸ் அதற்கு அடுத்த ஆண்டே வந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

இரண்டாவது, காவல். ஒரு வங்கியின் விளம்பரம் வெறுப்புப் பேச்சுக்குப் பக்கத்தில் தோன்றினால் வங்கி கோபம் கொள்ளும். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று சோதிக்க முடியாத மொழியில் விளம்பரத்தை அனுமதிக்க எந்த நிறுவனமும் தயங்கும்.

அதற்கும் முன்னால் இன்னொரு தடை இருந்தது. 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியேற்றத்தைப் பின்பற்றின. ஒரு பக்கத்தைப் படிக்க அதற்குரிய எழுத்துருவைத் தரவிறக்க வேண்டும். தேடுபொறிக்கு அந்தப் பக்கம் வெறும் குப்பை எழுத்து. இந்தச் சிக்கலை அவிழ்ப்பதில் மலேசியாவுக்குப் பெரும் பங்குண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985 முதலே முரசு என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கி வந்தார். 2001-ல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. பொதுக் குறியேற்றமான யூனிகோடு பரவிய பின்னர்தான் தமிழ்ப் பக்கம் ஒன்றை உலகின் எந்தக் கணினியும் தமிழ்ப் பக்கமாகவே கண்டது. விளம்பரம் கிடைப்பதற்கு முன்னால் எழுத்து கிடைக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் வேறொரு வழி திறந்தது. 2007-ல் திமத்தி தியா, சியோ மிங் ஷென் என்ற இரண்டு இளைஞர்கள் நஃப்நாங் என்ற விளம்பர வலையமைப்பைத் தொடங்கினார்கள். வலைப்பூக்களை ஒன்றுதிரட்டி, அவற்றின் வாசகர்களைத் தொகுத்து, மலேசிய நிறுவனங்களிடம் விளம்பரம் பேசி வாங்குவது அவர்கள் தொழில். அதே ஆண்டில் அட்வர்ட்லெட்ஸ் என்ற போட்டி நிறுவனமும் வந்தது. பண்டிகைக் காலத்தில் எந்தப் பொருள் விற்கும், எந்த வலைப்பதிவரை எந்த வயதினர் படிக்கிறார்கள் என்பதெல்லாம் இவர்களுக்கு நேரில் தெரியும். பதிவர் ஒரு பொருளைப் பயன்படுத்திப் பார்த்து எழுதும் விளம்பரப் பதிவுகளும் இங்கே நிலைபெற்றன. நஃப்நாங் சிங்கப்பூர், பிலிப்பீன்ஸ், ஆஸ்திரேலியா என்று பரவியது. அதன் தாய் நிறுவனமான நெட்சென்ட்ரிக் 2015-ல் ஆஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பட்டியலானது. அப்போதே வலைப்பூ வாசகர்கள் பேஸ்புக்குக்கும் யூடியூபுக்கும் இடம்பெயரத் தொடங்கிவிட்டார்கள் என்றாலும், உள்ளூரைத் தெரிந்தவர் விளம்பரம் விற்றால் எழுத்தாளருக்குப் பணம் வரும் என்பதை அந்தச் சில ஆண்டுகள் காட்டின.

இப்போது, இன்றைய இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கலாம். கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ரயிலுக்குக் காத்திருக்கும் ஒருவர் தன் கைபேசியில் ஒரு தமிழ்ச் சமையல் பக்கத்தைத் திறக்கிறார். பக்கம் முழுதாகத் தோன்றுவதற்குள், அதிலுள்ள விளம்பரக் கட்டம் ஓர் ஏலத்துக்குப் போகிறது. எந்த நாடு, எந்த வகைக் கைபேசி, எந்த மொழி, பக்கத்தின் பொருள் என்ன, முன்பு என்னென்ன தேடியவர் போன்ற விவரங்கள் ஏலம் கேட்பவர்களின் கணினிகளுக்கு அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு கணினியும் ஒரு விலையைச் சொல்கிறது. அதிக விலை சொன்னவரின் விளம்பரம் கட்டத்தில் ஏறுகிறது. இவ்வளவும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடுகிறது.

முன்பு என்ன தேடினார் என்பது எப்படித் தெரியும்? 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொந்துலி உருவாக்கிய குக்கி என்ற சிறு கோப்பின் வேலை அது. ஒரு கடையின் தளத்தில் காலணி பார்த்தவரை அந்தக் காலணி விளம்பரம் பத்து தளங்களுக்குத் தொடர்ந்து வருவது இதனால்தான். ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020 மார்ச்சில் பிற தளங்களின் குக்கிகளை முழுவதும் தடுத்துவிட்டது. குரோமும் தடுக்கும் என்று அறிவித்த கூகுள், 2024 ஜூலையில் அந்த முடிவைக் கைவிட்டது.

ஏலம் கேட்கும் கணினி விலையைக் கணக்கிடும் முறை எளிது. ஒரு நகைக்கடை, தன் தளத்துக்கு வரும் ஒவ்வொரு கிளிக்குக்கும் 2 ரிங்கிட் தரத் தயார் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தைப் பார்க்கும் ஆயிரம் பேரில் மூவர் கிளிக் செய்வார்கள் என்று இயந்திரம் கணித்தால், ஆயிரம் பார்வைக்கு 6 ரிங்கிட் வரை கேட்கலாம். எழுத்தின் தரம் இந்தக் கணக்கில் நேரடியாக எங்குமே வருவதில்லை. கிளிக் செய்யும் வாய்ப்பும், கிளிக் செய்தவர் பொருள் வாங்கும் வாய்ப்பும் மட்டுமே வருகின்றன. கடன் அட்டை, காப்புறுதி, வீட்டுக் கடன் பற்றிய பக்கங்களுக்கு அதிக விலையும் கவிதைப் பக்கங்களுக்குக் குறைந்த விலையும் கிடைப்பதன் காரணம் இதுதான்.

ஆனால் தமிழ்ப் பக்கத்தின் விலையைத் தீர்மானிப்பதில் இதைவிட வலுவான விதி ஒன்று உண்டு. அது போட்டியாளர்களின் எண்ணிக்கை. கனடாவில் பிறந்த பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961-ல் எழுதிய கட்டுரையில் ஏலத்தின் கணிதத்தை ஆராய்ந்தார். 1996-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஏலம் கேட்பவர் ஒவ்வொருவரும் தம் மனத்தில் 0 முதல் 10 ரிங்கிட்டுக்குள் ஏதோ ஒரு மதிப்பை வைத்திருப்பதாகவும், எல்லா மதிப்புக்கும் சம வாய்ப்பு உள்ளதாகவும் எடுத்துக்கொள்வோம். வென்றவர் இரண்டாம் இடத்தில் இருப்பவரின் விலையைக் கொடுத்தால் போதும். இருவர் மட்டும் ஏலம் கேட்டால் விற்பவருக்குச் சராசரியாகக் கிடைப்பது 3 ரிங்கிட் 33 சென். நால்வர் வந்தால் 6 ரிங்கிட். ஒன்பது பேர் வந்தால் 8 ரிங்கிட். பொருள் அதேதான், மதிப்பும் அதேதான். கூட்டம் கூடக்கூட விலை ஏறுகிறது. வென்றவர் தாம் சொன்ன விலையையே கொடுக்கும் ஏலத்திலும் சராசரி மாறாது என்பதையும் விக்ரி இதே கணக்கில் காட்டினார். கேட்பவர்கள் முன்கூட்டியே தங்கள் விலையைத் தணித்துச் சொல்வார்கள் என்பதே காரணம். ஆட்சென்ஸ் 2021-ல் அந்த முறைக்கு மாறியபோதும் இந்த அடிப்படை மாறவில்லை.

இதைக் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் பொருத்திப் பாருங்கள். மலேசிய இந்தியர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். அவர்களில் எல்லாரும் தமிழர் அல்லர்; தமிழரில் எல்லாரும் தமிழில் படிப்பவர்களும் அல்லர். கோலாலம்பூரில் உள்ள ஒரு விளம்பர முகவர், பிரசாரத்தை அமைக்கும்போது மலாய், ஆங்கிலம், சீனம் என்று மொழிகளைக் குறித்துவிட்டு நிறுத்திக்கொண்டால், தமிழ்ப் பக்கத்தின் ஏலத்தில் அவருடைய வாடிக்கையாளர் கலந்துகொள்ளாமலே போகலாம். ஒன்பது பேர் கேட்க வேண்டிய இடத்தில் இருவர் கேட்கிறார்கள். அந்தத் தமிழ் வாசகர் வீடு வாங்குகிறார், கார் வாங்குகிறார், தீபாவளிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார். வாங்கும் திறனில் அவர் யாருக்கும் குறைந்தவர் அல்லர். ஆனால் தமிழில் படிக்கும் நேரத்தில் அவருக்கு விலை குறைகிறது. இது அநியாயம், ஆனால் யாரும் திட்டமிட்டுச் செய்த அநியாயம் இல்லை, எண்ணிக்கையிலிருந்து தானாக விளைவது.

இப்படிக் குறைந்த விலை எழுத்தாளரின் கைக்கு எப்படி வந்து சேர்கிறது? ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் கிடைக்கிறது என்று கொள்வோம். ஆட்சென்ஸ் பணம் அனுப்புவது கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகே. அதற்கு 2 லட்சம் பார்வைகள் வேண்டும். மாதம் பத்தாயிரம் பார்வை பெறும் ஒரு நல்ல தமிழ்ப் பக்கம் முதல் தொகையைக் காண இருபது மாதம் ஆகும். விளம்பரம் கண்ணில் பட்டால்தான் பார்வைக்கு மதிப்பு என்பதையும் மறக்கக் கூடாது: விளம்பரப் படத்தின் பாதியாவது ஒரு நொடியாவது திரையில் இருந்தால்தான் அது பார்க்கப்பட்டதாகத் தொழில்துறை ஏற்கும். பக்கத்தின் அடியில் வைத்த கட்டம் பெரும்பாலும் வீண். விரைவில் 100 டாலரைத் தொட வேண்டும் என்று உறவினரையும் நண்பரையும் கிளிக் செய்யச் சொல்பவர்கள் கணக்கையே இழக்கிறார்கள். ஒரே இடத்திலிருந்து, ஒரே ஆட்களிடமிருந்து, எதையும் வாங்காமல் திரும்பும் கிளிக்குகள் இயந்திரத்துக்கு உடனே தெரிந்துவிடும்.

இடைத்தரகர்களின் பங்கும் உண்டு. விளம்பரதாரர் தரும் தொகையில் 68 விழுக்காடு எழுத்தாளருக்கு என்று கூகுள் 2010-ல் வெளியிட்டது. 2023-ல் கணக்கிடும் முறையை மாற்றியபோதும் பங்கு ஏறத்தாழ அவ்வளவே இருக்கும் என்றது. பெரிய விளம்பரச் சங்கிலிகளில் நிலைமை இன்னும் மோசம். பிரிட்டிஷ் விளம்பரதாரர் சங்கமான இஸ்பாவுக்காகப் பிடபிள்யூசி நடத்திய ஆய்வு 2020 மே மாதம் வெளிவந்தது. விளம்பரதாரர் செலவழித்த தொகையில் 51 விழுக்காடே பதிப்பாளர்களைச் சேர்ந்தது. 15 விழுக்காடு எங்கே போனது என்று தடமே காண முடியவில்லை. 2025 ஏப்ரல் 17-ல் அமெரிக்க நீதிபதி லியோனி பிரிங்கமா, பதிப்பாளர்களுக்கான விளம்பரச் சந்தைகளில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் கட்டிக்காத்தது என்று தீர்ப்பளித்தார். அந்தச் சந்தையின் ஏலமேடையும் விற்பவரின் கருவியும் வாங்குபவரின் கருவியும் ஒரே நிறுவனத்திடம் இருப்பது நீண்ட நாள் குறை.

மொழி விலையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு மலேசியாவே கண்ட சான்று 2020-ல் நடந்தது. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் வாழ்ந்த சுகு, பவித்ரா தம்பதியர் செம்பனைத் தோட்டத் தொழிலாளர் குடும்பம். அவர்கள் தொடங்கிய யூடியூப் சமையல் காட்சிகள் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நாடெங்கும் பரவின; சில மாதங்களில் லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள். அன்றைய பிரதமர் முகிதீன் யாசினே தம் உரையில் பவித்ராவைக் குறிப்பிட்டார். அவர்கள் சமைத்தது நம் வீட்டுச் சமையல். பேசியது தெளிவான மலாய். அதே சமையலைத் தமிழில் மட்டும் பேசிச் செய்திருந்தால், பார்த்திருக்கக்கூடிய மலேசியரின் எண்ணிக்கை பல மடங்கு குறைந்திருக்கும். அவர்கள் செய்தது சரி. தங்கள் உழைப்புக்குப் பெரிய சந்தையைத் தேர்ந்தார்கள். ஆனால் தமிழிலேயே எழுத வேண்டும், பேச வேண்டும் என்று விரும்புபவருக்கு இந்த ஏலமேடை மட்டும் போதாது என்பதும் இதிலிருந்தே புரிகிறது.

தமிழில் எழுதுபவர் கடல் தாண்டிய வாசகரை நம்பலாமே என்று கேட்கலாம். நம்பலாம். கிள்ளானில் எழுதிய பக்கத்தைத் தமிழ்நாட்டில் ஆயிரம் பேரும் டொராண்டோவில் நூறு பேரும் படித்தால், பொதுவாக அந்த நூறு பேர் கொண்டுவரும் தொகை எண்ணிக்கைக்கு மீறியதாக இருக்கும். அங்கே விளம்பரதாரர்கள் கூடுதல் விலை கேட்கிறார்கள். யூடியூபில் இதற்கும் ஒரு வெட்டு உண்டு. மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே முழுமையான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இல்லாததால், அமெரிக்கப் பார்வையாளரிடமிருந்து வரும் பங்கில் 2021 ஜூன் முதல் 30 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படுகிறது. ஒப்பந்தம் உள்ள இந்தியாவில் இருப்பவருக்கு அது 15 விழுக்காடு. எங்கிருந்து வந்தாலும் விளம்பர வருமானம் மலேசியாவில் வரிக்குரியது என்பதையும், கணக்குகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதையும் புதிதாகத் தொடங்குபவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

தேடுபொறி வழியாக வரும் வாசகரும் குறையத் தொடங்கியிருக்கிறார். செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் தேடல் முடிவின் மேலே தோன்றும்போது, அதன் கீழுள்ள தளங்களைக் கிளிக் செய்வது 8 விழுக்காட்டு வருகைகளில்தான் என்றும், சுருக்கம் இல்லாதபோது 15 விழுக்காடு என்றும் அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2025-ல் கண்டறிந்தது.

இந்த இடத்தில் பழைய தமிழ்ப் பத்திரிகைகளை நினைக்க வேண்டும். 1924-ல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் மலேசியத் தமிழரின் செய்தியைச் சுமந்த அந்த நாளிதழும் அதன் சக நாளிதழ்களும் வாழ்ந்தது வாசகர் கொடுத்த காசால் மட்டும் இல்லை. இரங்கல் அறிவிப்பு, நினைவஞ்சலி, கோயில் திருவிழா, துணிக்கடை, நகைக்கடை, தீபாவளி வாழ்த்து என்று சமூகமே வாங்கிய விளம்பரங்கள் அவற்றைத் தாங்கின. கடைக்காரர் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்து பேசினார், அல்லது முகவர் கடைக்கு வந்தார். நடுவில் ஏலமேடை இல்லை. தமிழ் வாசகரின் மதிப்பு என்ன என்று தமிழ்க் கடைக்காரருக்குத் தெரியும் என்பதால் விலையும் அதற்கேற்றபடி இருந்தது.

இன்று கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், ஜாலான் துன் சம்பந்தனில் பூக்கடையும் புடவைக்கடையும் உணவகமும் நிறைந்திருக்கின்றன. கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நடக்க இடம் இருக்காது. அந்தக் கடைகளில் பல பேஸ்புக்கிலும் கூகுளிலும் விளம்பரம் வாங்குகின்றன. அந்தத் தொகையின் மேல் 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு சேவை வரியும் சேர்கிறது. பணம் கடல் கடந்து போகிறது. அதில் ஒரு சிறு துணுக்கு, ஏலத்தின் வழியாக, தரகு கழிந்து, இங்குள்ள தமிழ்ப் பக்கத்துக்குத் திரும்பி வரலாம், வராமலும் போகலாம்.

ஏலத்தைவிட நேரடி ஒப்பந்தம் இருவருக்கும் நல்லது என்பதைக் கணக்கே சொல்லும். மாதம் பத்தாயிரம் பார்வை பெறும் அதே பக்கம் ஆட்சென்ஸில் மாதம் 5 டாலர் ஈட்டும். ஒரு துணிக்கடை அந்தப் பக்கத்தின் தலைப்பில் மாதம் 150 ரிங்கிட்டுக்கு ஒரு பட்டையை வைத்தால், ஆயிரம் பார்வைக்குக் கடைக்காரர் கொடுப்பது 15 ரிங்கிட். அது ஏல விலையைவிடக் கூடுதல்தான். ஆனால் பார்ப்பவர்களில் கணிசமானோர் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும், தமிழ் படிக்கும், புடவை வாங்கும் குடும்பத்தினர் என்றால் அந்த விலை நியாயமானது. எழுத்தாளருக்கு ஆண்டுக்கு 1,800 ரிங்கிட் உறுதியாக வரும். அதற்கு அவர் ஒன்றைச் செய்தாக வேண்டும்: தம் வாசகர் எங்கிருந்து வருகிறார்கள் என்ற விவரத்தைத் தளத்தின் புள்ளிவிவரத்திலிருந்து எடுத்து, கூட்டாமல் குறைக்காமல் ஒரே தாளில் அச்சிட்டுக் கடைக்காரரின் மேசையில் வைக்க வேண்டும். விளம்பரமாக எழுதியதை விளம்பரம் என்றே குறிக்கவும் வேண்டும். நஃப்நாங் 2007-ல் ஒரு நிறுவனமாகச் செய்ததை, பத்துத் தமிழ்ப் பக்கங்கள் ஒன்றுசேர்ந்து சிறு அளவில் செய்ய முடியும்.

வணிகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தீபாவளி விளம்பரத்துக்கு நீங்கள் ஒதுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கை, கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ தமிழில் எழுதப்படும் ஏதாவது ஒரு பக்கத்துக்கு நேரடியாகக் கொடுங்கள். ஓர் ஆண்டு கொடுத்துப் பாருங்கள். எத்தனை வாடிக்கையாளர் அந்தப் பக்கத்தைப் பார்த்து வந்தார்கள் என்று கடையிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.